சின்ன முள் மெதுவாகத்தான் போகும்: பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்தவள் நான். பெற்றோர் கூட்டம் என்றால் இரண்டு புகார் தவறாமல் வரும். "மணி பார்க்கவே வரமாட்டேங்குது டீச்சர்" என்பது ஒன்று. "எதைச் சொன்னாலும் ஆமை வேகம்தான்" என்பது இன்னொன்று. பெரும்பாலும் ஒரே அம்மா, ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. வராந்தாவில் நின்றபடி அவசரத்தில் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

எந்த வயதில் மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கலாம்?

முழு மணியும் அரை மணியும் ஐந்து, ஆறு வயதில் பிடிபடும். ஐந்து ஐந்து நிமிடமாக எண்ணிப் பார்ப்பது ஏழில். "நாலு மணி இருபத்தேழு நிமிஷம்" என்று பிசகாமல் சொல்வது எட்டு வயதை ஒட்டி. இதில் ஆறு மாதம் முன்பின் இருப்பது சாதாரணம். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் நான் பதறமாட்டேன்.

நமக்கு மணி பார்ப்பது கண்ணைத் திறப்பது மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்பது மறந்துபோயிற்று. 60 வரை எண்ணத் தெரிய வேண்டும். ஐந்தாம் வாய்ப்பாடு வாயில் ஓட வேண்டும். ஒரே தட்டில் இரண்டு முள் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அந்த 3 என்ற எண். சின்ன முள் அங்கே நின்றால் மூன்று, பெரிய முள் நின்றால் பதினைந்து. போன வருடம்தான் "3 என்றால் மூன்று, வேறெதுவும் இல்லை" என்று அந்தப் பிள்ளைக்கு நாமே உருப்போட வைத்தோம். போதாக்குறைக்கு, பெரிய முள் சின்னக் கணக்கையும் சின்ன முள் பெரிய கணக்கையும் காட்டும். குழந்தை குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் மகளுக்கு நாலு வயதில் அட்டைக் கடிகாரம் செய்து உட்கார வைத்தேன். டீச்சர் வீட்டுப் பிள்ளை அல்லவா. ஒரு வாரத்தில் எந்த நேரத்தைக் காட்டினாலும் "எட்டு" என்றாள். எட்டு மணிக்கு வேன் வரும். எட்டு என்றால் அம்மா பரபரப்பாவாள். அம்மாவுக்கு முக்கியமான எண் எது என்பதைத்தான் அவள் கற்றுக்கொண்டிருந்தாள். அட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து எடுத்தேன். மூன்று நாளில் முடிந்தது.

அதுவரை என்ன செய்வது? நேரம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர விடுவதா?

முதலில் வர வேண்டியது பொழுது. கடிகாரம் அதற்கு அப்புறம்.

மூன்று வயதுப் பிள்ளை, போன பொங்கலுக்கு ஊருக்குப் போனதையும் "நேத்து" என்றுதான் சொல்லும். அதற்கு நேத்து என்றால் நடந்து முடிந்தது, நாளைக்கு என்றால் இன்னும் நடக்காதது, அவ்வளவே. சிரிக்காமல் "ஆமா, போன பொங்கலுக்குப் போனோம்ல" என்று நாம் சரியாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். எது முதலில், எது அப்புறம் என்ற வரிசைதான் நேரத்தின் அடித்தளம். பல் தேய்த்த பிறகு பால், குளித்த பிறகு சீருடை. தினமும் ஒரே வரிசையில் நடக்கிற வீட்டில் இந்தப் பாடத்துக்குத் தனி வகுப்பு வேண்டியதில்லை.

தமிழில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்திருக்கிறார்கள்: வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். எற்பாடு என்பது வெயில் சாய்கிற பிற்பகல். பிள்ளைக்கு இந்தப் பெயர்களை மனப்பாடம் பண்ண வைக்கச் சொல்லவில்லை. ஒரு நாள் எப்படியெல்லாம் நிறம் மாறுகிறது என்று சேர்ந்து பாருங்கள் என்கிறேன். எங்கள் தெருவில் அதற்கு நிறைய சாட்சிகள் இருந்தன. விடியும் முன் பள்ளிவாசல் பாங்கு. நகராட்சிச் சங்கு. பத்து மணி வெயில் ஏறியதும் விரியும் பத்துமணிப் பூ. சாயங்காலம் அந்திமந்தாரை. வேலியில் பீர்க்கம்பூ மலர்ந்தால் விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்; மூட்டம் போட்ட நாட்களில் என் ஆத்தா அதைப் பார்த்துத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். பள்ளிக்கூட வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. அந்தியில் இலையை மூடிக்கொள்ளும். வானம் இருண்டு மழை வரப்போகிறது என்றால் மத்தியானமே மூடிக்கொள்ளும். "டீச்சர், மரத்துக்கு மணி தெரியல" என்று ஒரு பையன் ஓடிவந்தான். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நாற்பது நிமிடம் பாடம் நடந்தது.

அடுக்குமாடி வீட்டில் பீர்க்கங்கொடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குக்கர் இருக்கிறதே. "மூணு விசில் வந்ததும் அம்மாவக் கூப்பிடு" என்று பொறுப்பை ஒப்படையுங்கள். நம் வீடுகளில் பருப்பும் சோறும் இன்றைக்கும் நிமிடத்தில் வேகவில்லை, விசிலில்தான் வேகின்றன.

சரி, கடிகாரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெரிய முள்ளைக் கழற்றிவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றை எடுத்து, கண்ணாடியைத் திறந்து, நிமிட முள்ளை மெதுவாக உருவிவிட்டு, மறுபடி மாட்டுங்கள். இயந்திரக் கடிகாரங்கள் வந்த புதிதில் அப்படித்தான் இருந்தன, மணி முள் மட்டும். 1656இல் ஹாலந்தைச் சேர்ந்த ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்து, கடிகாரம் ஓரளவு நம்பத்தக்கதாக ஆன பிறகுதான் நிமிட முள் பரவலானது. மனிதகுலமே ஒற்றை முள்ளில் தொடங்கியிருக்கும்போது ஆறு வயதுக் குழந்தை இரண்டு முள்ளில் தொடங்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஒற்றை முள்ளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பேசுங்கள். "சரியா ஏழு." "ஏழைத் தாண்டிக் கொஞ்சம்." "ஏழுக்கும் எட்டுக்கும் நட்டநடு." "எட்டைத் தொடப்போகுது." இந்த நாலு நிலையும் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சின்ன முள் ஒரு மணி நேரத்தில் தட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நகர்கிறது, நிமிடத்துக்கு அரை டிகிரி. நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் விளையாடிவிட்டு வந்து பார்த்தால் நகர்ந்திருக்கும்.

இதைத் தவிர்த்து நேரே இரண்டு முள்ளுக்குப் போன பிள்ளைகள்தான் 2:50ஐ 3:50 என்று வாசிப்பார்கள். சின்ன முள் 3க்குப் பக்கத்தில் நிற்கிறதே! ஒற்றை முள்ளில் பழகிய பிள்ளை "மூணைத் தொடப்போகுது, இன்னும் தொடல" என்று தானே சொல்லும். பெரிய முள்ளைத் திரும்ப மாட்டிய பிறகு, தட்டைச் சுற்றி 5, 10, 15 என்று சின்னச் சீட்டுகளை ஒட்டுங்கள். வேண்டாதபோது பிள்ளையே பிய்த்துப் போட்டுவிடும்.

ரோமன் எண் போட்ட அழகுக் கடிகாரத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மணி பார்க்க வரவில்லை என்று சொல்வோரும் உண்டு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தமிழில் சொல்லித்தருவதா, பள்ளியில் சொல்வதுபோல ஆங்கிலத்திலா?

தமிழில் தொடங்குங்கள். மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, இந்த விஷயத்தில் தமிழ் உண்மையிலேயே சுலபம்.

ஒன்பது, ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால், பத்து. பாருங்கள், பத்து அடிக்கும்வரை ஒன்பதை விடவே இல்லை. முள் எந்த மணியைக் கடந்து வந்ததோ அதன் பெயரையே பிடித்துக்கொண்டு நடக்கிறோம். ஆங்கிலத்தில் 9:45க்கு "க்வார்ட்டர் டு டென்" என்பார்கள். அரை மணிவரை ஒன்பதைச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று பத்துக்குத் தாவி அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆறு வயதில் அந்தத் தாவல்தான் காலை வாரிவிடும். என் வகுப்பில் "முக்கால்" சொன்ன பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கியதாக நினைவில்லை. முக்கால் கெட்டியான பிறகு மற்றதைச் சொல்லிக்கொடுத்தால் அது வெறும் மொழிபெயர்ப்பு வேலைதான்.

இன்னொரு லாபம், பின்னம் இலவசமாக வந்துவிடுகிறது. தோசையைக் கால், அரை, முக்கால் என்று பிய்த்துக் கொடுத்த அதே சொற்கள் தட்டின்மேலும் வருகின்றன. வட்டமான தோசை, வட்டமான கடிகாரம். "ஒன்பதுக்குக் கால் இருக்கா டீச்சர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு குழந்தை கேட்கும். இருக்கிறது, அதனால்தான் நடக்கிறது என்பேன்.

டிஜிட்டல் கடிகாரம் போதாதா? இனி யார் முள் பார்க்கப் போகிறார்கள்?

8:47 என்று வாசிப்பது எண் வாசிப்பது. ஒன்பதுக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. கழித்துப் பார்க்க வேண்டும். முள் கடிகாரத்தில் மிச்சம் கண்ணுக்குத் தெரியும், தட்டில் மிஞ்சிய தோசைத் துண்டு மாதிரி. இரண்டும் வீட்டில் இருக்கட்டும்.

"அஞ்சு நிமிஷம் இரு" என்றால் அரை நிமிடத்தில் வந்து நிற்கிறான். ஏன்?

ஒரு நாள் நீங்கள் எத்தனை முறை "அஞ்சு நிமிஷம்" என்கிறீர்கள், ஒவ்வொன்றும் உண்மையில் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். போனில் பேசும்போது சொன்ன அஞ்சு நிமிஷம் இருபத்தைந்து. "கிளம்பு, அஞ்சு நிமிஷத்துல வேன் வந்துரும்" என்றபோது உண்மையில் பன்னிரண்டு இருந்தது. பூங்காவில் "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்றது இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது, ஏனென்றால் நமக்கு அலுத்துவிட்டது. இப்படி ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு அளவைப் பிள்ளை எப்படிக் கற்கும்? நிமிடம் என்றால் பெரியவர்களின் மனநிலை என்றுதான் அது புரிந்துவைத்திருக்கும். அது தப்பும் இல்லை.

ஆகவே முதல் திருத்தம் நம் வாயில். அஞ்சு நிமிஷம் என்றால் ஐந்து நிமிடமாக இருக்கட்டும். முடியாதென்றால் "இந்தப் போன் முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள். அது நேர்மையான அளவு. பழைய தமிழ் இலக்கணம்கூட எழுத்தின் மாத்திரைக்குக் கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும்தானே அளவாகச் சொன்னது. உடம்பால் உணரக்கூடியதைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ஆனதும் கையைத் தூக்கும் விளையாட்டை வகுப்பில் ஆடுவோம். பெரும்பாலோர் இருபது வினாடியிலேயே தூக்கிவிடுவார்கள். பத்து நாள் ஆடினால் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வீட்டில் அப்பாவையும் ஆட வையுங்கள். பெரும்பாலும் அவர்தான் தோற்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பிள்ளைகள் முன்னால் இரண்டு பொம்மைகளை ஓடவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்கும். ஒன்று வேகமாக ஓடியதால் தள்ளிப் போய் நிற்கும். எது அதிக நேரம் ஓடியது என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் தள்ளிப் போனதைக் காட்டினார்கள். அதாவது அந்த வயதில் நேரமும் தூரமும் வேகமும் இன்னும் பிரியவில்லை. 1928இல் தாவோஸ் நகரில் சந்தித்தபோது, நேரம் பற்றிய உணர்வு வேகத்திலிருந்து தனித்து வருவதா என்று ஐன்ஸ்டீன் கேட்ட கேள்விதான் அவரை இந்த ஆராய்ச்சியில் இறக்கியது. ஐன்ஸ்டீனே கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்த விஷயத்தில் உங்கள் வீட்டு ஐந்து வயது குழம்புவது அவமானம் இல்லை.

காலையில் வீடு போர்க்களம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தாமல் எப்படிக் கிளப்புவது?

"சீக்கிரம்" என்பதில் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. கேட்கிற பிள்ளைக்கு அம்மா கோபமாக இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். கை எங்கே போக வேண்டும் என்பது தெரியாது. "இப்ப வலது கால் சாக்ஸ்" என்றால் தெரியும்.

அடுத்தது, கேட்கக் கசக்கும். மூன்று நாள், வாயைத் திறக்காமல், உங்கள் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துவையுங்கள். இரண்டு இட்லிக்குப் பதினெட்டு நிமிடம். ஷூ போட ஆறு. பொத்தான் போட நாலு. ஜன்னலில் அணிலைப் பார்க்க ஐந்து. கூட்டுங்கள். அதுதான் உங்கள் பிள்ளையின் இன்றைய வேகம். கத்தினால் அதில் மூன்று நிமிடம் குறையலாம், அழுது முடிக்க ஏழு நிமிடம் கூடலாம். ஆக, அந்தக் கூட்டுத்தொகையை உண்மை என்று ஏற்றுக்கொண்டு, வேன் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி எழுப்புங்கள். அணிலுக்கும் சேர்த்து. காலை எழ முடியவில்லை என்றால் இரவு படுக்கும் நேரம்தான் நகர வேண்டும். பை அடுக்குவதும் சீருடை எடுத்துவைப்பதும் முதல் நாள் சாயங்காலமே முடியட்டும்.

ஷிப்டுக்குப் போகிற அம்மாக்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு நான் சொன்னது: லேஸ் கட்டும் ஷூவைத் தூக்கி வையுங்கள், ஒட்டும் பட்டை வைத்தது வாங்குங்கள். முடிச்சுப் போடுவதை ஞாயிற்றுக்கிழமை பழகலாம். பிள்ளையின் எல்லா வேகத்தையும் எல்லா நாளும் மதிக்க யாராலும் முடியாது.

கடிகாரத்தைக் குச்சி மாதிரி காட்டாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். அதைப் பார்த்தாலே பயம் வந்துவிட்ட பிள்ளைக்கு அப்புறம் மணி பார்க்கச் சொல்லித்தருவது பெரும்பாடு.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எல்லாம் முன்னாடியே வந்துவிடுகிறது. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் தாமதம்?

குழந்தைகள் எப்போது தனியாக நடக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பின்தொடர்ந்து கணக்கெடுத்து, 2006இல் வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிலேயே நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. ஒன்பது மாதத்துக்கும் மேலான இடைவெளி! இரண்டு பேரும் மூன்று வயதில் தெருவில் ஓடும்போது யார் முதலில் நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? பால் பல்லும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் இரண்டு பல் விழுந்தவனும் ஒரு பல்கூட ஆடாதவனும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆடாதவன் அழுவான். பல்லை யாரும் பிடித்து ஆட்டச் சொல்வதில்லை. மணி பார்ப்பதை மட்டும் ஏன் ஆட்டுகிறோம்?

ஒரு எச்சரிக்கை. ஒன்பது, பத்து வயதிலும் மணி பார்ப்பது சுத்தமாக வரவில்லை, கூடவே எது பெரிய எண் எது சின்ன எண் என்பதில், சில்லறை எண்ணுவதில், கிழமை வரிசையில் எல்லாம் தடுமாற்றம் இருக்கிறது என்றால் "தானா வரும்" என்று விட்டுவிட வேண்டாம். கணக்கு கற்பதில் சில பிள்ளைகளுக்குத் தனிச் சிரமம் உண்டு. வகுப்பாசிரியரிடம் பேசி, சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். பொறுத்திருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு.

காத்திருக்கவே மாட்டேன் என்கிறாள். பொறுமையை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

இட்லி மாவை வைத்து.

அரைத்த மாவில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு ஊற்றி, மாவு நிற்கிற இடத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். "இது எப்போ மேலே வரும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதைத் தாளில் எழுதுங்கள். மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். முதல் மூன்று மணி நேரம் ஒன்றும் நடக்காது. அதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி: வெளியே ஒன்றும் தெரியவில்லை, உள்ளே வேலை நடக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் பாட்டிலின் கழுத்துவரை பொங்கி நிற்கும்.

இதையே சித்திரை வைகாசியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்து வைத்தது விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும். மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் சோம்பிக் கிடக்கும். கடிகாரம் இரண்டு மாதத்திலும் ஒரே மாதிரிதான் ஓடியது. மாவு தன் கணக்கில் போனது. "அடுப்புப் பக்கத்துல வெச்சா சீக்கிரம் வருமா?" என்று பிள்ளை கேட்கும். வைத்துப் பார்க்கட்டும். கொஞ்சம் சீக்கிரம் வரும். ரொம்பச் சூட்டில் வைத்தால் புளித்து நாறும். அதையும் பார்க்கட்டும்.

வகுப்பில் வெந்தயமும் கொத்தமல்லியும் ஒரே நாளில் விதைப்போம். வெந்தயம் இரண்டு மூன்று நாளில் தலை காட்டும். கொத்தமல்லிக்குப் பத்து நாள் ஆகும். ஒரு வருடம் ஒரு பையன் தினமும் காலையில் கொத்தமல்லி விதையைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் புதைத்துக்கொண்டிருந்தான். அவன் தொட்டியில் மட்டும் ஒன்றுமே வரவில்லை. திட்டவில்லை; வேறு தொட்டி கொடுத்தேன். இரண்டாம் முறை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். அந்தக் கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் அப்பா விவசாயி. குறுவைக்குச் சுமார் 110 நாள், சம்பாவுக்கு 150 நாள் என்று நாளை எண்ணிக் காத்திருக்கிறவர்.

தம்பிப் பாப்பா எப்போது வரும் என்று கேட்கிற பிள்ளைக்கு, கிழிக்கிற தினசரி காலண்டர் நல்ல துணை. எண்ணத் தெரியாவிட்டாலும், மிச்சம் எவ்வளவு தடிமன் என்று கையால் பிடித்துப் பார்க்கலாம்.

பாட்டி ராகு காலம், நாழிகை என்று சொல்லிக் குழப்புகிறார். தடுக்கலாமா?

ஐயோ, வேண்டாம். நம்பிக்கை அவரவர் விருப்பம்; கணக்காகப் பார்த்தால் இரண்டும் அருமையான பயிற்சி. காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பன்னிரண்டு மணியை எட்டாகப் பிரித்தால் ஒன்றரை மணி நேரம். கிழமைக்கு ஒரு பங்கு ராகு காலம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று நகரும். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாய்ப்பாட்டில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை ஒன்றரையாகக் கூட்டப் பழக இதைவிடச் சுவையான வழி பாடப்புத்தகத்தில் இல்லை.

நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு மணிக்கு இரண்டரை. ஓட்டையுள்ள வட்டிலில் நீர் வடிவதை வைத்து அளந்தார்கள். "அப்ப நாளுக்கு 24 மணின்னு யார் சொன்னது?" என்று பிள்ளை கேட்டால் கொண்டாடுங்கள், அடுத்த கேள்விக்குத் தயாராகிவிட்டது.

"கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது?

இதைக் கேட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். ஒரு குச்சியை நட்டு, நிழல் எப்போது ஆகக் குட்டையாகிறது என்று பாருங்கள். பன்னிரண்டு மணிக்குச் சரியாக இருக்காது. சென்னையில் அது வருடம் முழுக்க ஏறத்தாழ 11:53க்கும் 12:23க்கும் இடையில் அலையும். கோயம்புத்தூரில் அதைவிடப் பதிமூன்று நிமிடம் பிந்தும். நம் கடிகாரங்கள் எல்லாம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின், அதாவது உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பக்கம் ஓடும் ஒரு கோட்டின் நேரத்தைக் காட்டுகின்றன. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சிப்பொழுதில் குச்சிக்கு நிழலே இருக்காது. அது தனி வேடிக்கை.

இந்திய நேரம் என்று ஒன்று 1906இல்தான் வந்தது. அதற்கு முன் நுங்கம்பாக்கம் வானாய்வகக் கணக்கில் மெட்ராஸ் நேரம் என்று ஒன்று இருந்தது, இன்றைய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்னால். ரயில்கள் அதை வைத்து ஓடின. இலங்கையில் 1996இல் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணி பின்னே இழுத்து, 2006இல் பழையபடி ஆக்கினார்கள். சேவல் எதற்கும் மாறவில்லை.

ஆகவே பதில்: இரண்டும் தப்பில்லை. கடிகாரம் நாலு பேர் ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் கூடுவதற்காக நாம் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வேன் வர வேண்டுமே.

தாத்தா பாட்டியிடம் விட்டால் நேரமே பார்ப்பதில்லை. பழக்கம் கெட்டுப்போகாதா?

போகாது. பால் வாங்க இருபது அடி தூரத்துக் கடைக்குத் தாத்தாவும் பேரனும் கிளம்பினால் முக்கால் மணி நேரம் ஆகிறது என்று ஒரு அம்மா குறைப்பட்டார். இரண்டு பேருக்கும் நடை ஒரே வேகம். வழியில் நாய்க்குட்டிக்கு ஒரு நிறுத்தம், வாய்க்கால் பாலத்தில் ஒரு நிறுத்தம். நாம்தான் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறோம். பால் காய்ச்சத் தாமதமானால் பாக்கெட்டை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டு, அவர்களைச் சும்மா நடந்துவரச் சொல்லுங்கள் என்றேன்.

கைக்கடிகாரம் எப்போது வாங்கித் தரலாம்?

பிள்ளையே மூன்று முறை கேட்ட பிறகு. பன்னிரண்டு எண்ணும் தெளிவாகப் போட்ட, முள் உள்ள, விலை குறைந்த ஒன்று போதும். முதல் மாதத்திலேயே எப்படியும் தண்ணீரில் விழும். கட்டிய முதல் வாரம் வீட்டில் எல்லாரும் போனைப் பையில் போட்டுவிட்டு அவளிடமே மணி கேட்க வேண்டும். "ஏழைத் தாண்டிக் கொஞ்சம்" என்று சொன்னாலும், சரி, நன்றி என்று சொல்லிவிட்டு நகருங்கள்.